முந்நூறு பெருசா, இருநூத்தைம்பது பெருசா?

வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வாசல். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. கருட வாகனத்தில் பெருமாள் கோபுர வாசலுக்கு வருகிறார். சட்டென்று குடைகள் தாழ்ந்து அவரை மறைக்கின்றன. கொஞ்ச நேரம்தான். மறுபடி குடைகள் விலகுகின்றன... கூட்டம் கை கூப்புகிறது.

'தொட்டையாச்சாரியார் சேவை' என்று இதற்குப் பெயர். வருடா வருடம் கருட சேவைக்குத் தவறாமல் வரும் சோளிங்கர் தொட்டையாச்சாரியாருக்கு ஒரு வருடம் உடம்பு முடியவில்லை. 'வர முடியலையே' என்று அவர் உருக, வரதரே சோளிங்கருக்குப் போய்க் காட்சி கொடுத்துவிட்டு வந்தார் என்பது ஐதீகம். அந்த இடைவெளிதான் இந்தக் குடை மறைப்பு!

பக்தர்களுக்கு இது பரவச நிமிடம். காமிராவும் கையுமாக முப்பது மீட்டர் தள்ளி, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கும் நம்ம ஆளுக்கோ பரீட்சை நிமிடம். காமிராவோடு வந்த 18-55 லென்ஸில் பெருமாள் சுண்டுவிரல் நக அளவுக்குத்தான் தெரிவார். முன்னால் நிற்பவரின் வழுக்கை மட்டும் படு துல்லியமாக விழும்!

செல்போனை விரலால் இழுத்துப் பெருசாக்கலாமே என்கிறீர்களா? டெலி லென்ஸ் தனியாக இருக்கும் போன்களில் ஓரளவுக்குச் சரி. மற்றதில் நடப்பது, எடுத்த படத்தை வெட்டி ஊதிப் பெருக்கும் வேலை. கருடன் மூக்கு களிமண் மாதிரி ஆகிவிடும்.

ஆக, ஒரு டெலி சூம் லென்ஸ் வேண்டும். போனஸ் பணம் பாக்கெட்டில். கடைக்குள் நுழைகிறீர்கள்.

கடைக்காரர் கணக்கு

"சார், அது வெறும் 250 வரைக்கும்தான் போகும். இது 300! விலையும் கம்மி. இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?"

நிறைய இருக்கிறது. கேனன் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று 75-300, மூன்றாம் பதிப்பு. 1999-ல் வந்த டிசைன். இன்னொன்று 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். 2013-ல் வந்தது. ஐம்பது மில்லிமீட்டர் கூடக் கிடைக்கிறதே என்று முதலாவதன் மேல் மனசு போகும்.

அந்த ஐம்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சாதாரண டி.எஸ்.எல்.ஆரின் சென்சார் சுமார் 22 மி.மீ. அகலம். முப்பது மீட்டர் தூரத்தில் 250-ஐ வைத்துப் பார்த்தால் 2.7 மீட்டர் அகலக் காட்சி தெரியும். 300-ல் 2.2 மீட்டர். அவ்வளவுதான் வித்தியாசம்! கூட்டத்துக்குள் 'கொஞ்சம் தள்ளிக்குங்க சார்' என்று ஐந்து மீட்டர் முன்னால் போனால் கணக்கு நேர்.

இந்த ஐந்து மீட்டருக்காக நீங்கள் எதை இழக்கிறீர்கள்? அந்த 'ஐ.எஸ்.' என்ற இரண்டு எழுத்தை!

கை நடுங்குதா?

பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, விநாடியில் அத்தனையில் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும். இந்தச் சின்ன சென்சாருக்கு அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும். 300 என்றால் 480. ஆக, விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்குக் கீழே போனால் கை நடுக்கம் படத்தில் வந்துவிடும்.

லென்ஸுக்குள்ளேயே ஒரு கண்ணாடித் தொகுதியை அசைத்து இந்த நடுக்கத்தைச் சமன் செய்வதுதான் ஐ.எஸ். நிக்கானில் வி.ஆர்., டாம்ரானில் வி.சி. என்பார்கள். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். 55-250-ல் மூன்றரை ஸ்டாப் லாபம் என்கிறது கம்பெனி. நானூறில் ஒரு பங்கு வேண்டிய இடத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கிலேயே சமாளிக்கலாம் என்று அர்த்தம். சாயங்கால வெளிச்சத்தில் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை எடுக்கும்போது இதன் அருமை தெரியும். கிருஷ்ணதேவராயர் 1509-ல் கட்டிய, 190 அடிக்கு மேல் உயரமான கோபுரம். உச்சி நிலைப் பொம்மையைக் கீழே தெருவில் நின்றே பிடித்துவிடலாம்.

கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் மட்டும் இந்த லென்ஸைப் பையிலேயே விடுங்கள். ராஜசிம்மன் காலத்துச் சிற்பங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. அங்கே 18-55-தான் ராஜா!

குடை விலகும்போது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஐ.எஸ். உங்கள் கையைத்தான் நிறுத்தும், பெருமாளை நிறுத்தாது! வாகனம் அசைகிறது, குடை ஆடுகிறது, சாமரம் வீசுகிறது. இதையெல்லாம் உறைய வைக்க இருநூற்றைம்பதில் ஒரு பங்காவது வேண்டும். இரண்டு லென்ஸுமே முழுக்க இழுத்த நிலையில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எனவே ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும். தட்டட்டுமே! புள்ளி தட்டிய பெருமாள், கலங்கிப்போன பெருமாளைவிட மேல்.

எஃப் 2.8 திறப்புள்ள 70-200 இருந்தால் நாலு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். ஆனால் கேனனிலும் நிக்கானிலும் அதன் விலை லட்சத்தைத் தாண்டும். எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கல்யாண போட்டோகிராபருக்கு அது முதலீடு. ஞாயிற்றுக்கிழமை போட்டோகிராபருக்கு அது கடன்.

நிக்கான்காரர்களே, ஒரு நிமிஷம்!

உங்களுக்கு 2016-ல் வந்த ஏ.எஃப்-பி 70-300 இருக்கிறது. 415 கிராம்தான், வேகமாக ஃபோகஸ் ஆகும். ஆனால் இரண்டு பொறிகள். ஒன்று, அதே பெயரில் வி.ஆர். இல்லாத அண்ணன்-தம்பி ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியில் 'வி.ஆர்.' என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இரண்டு, டி90, டி3100, டி7000 போன்ற பழைய காமிராக்களில் இந்த லென்ஸ் ஃபோகஸே ஆகாது. மாட்டிப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

மிரர்லெஸ் வாங்கியவர்களும் தப்பவில்லை. கேனன் 2025-ல் புது ஆர்.எஃப். மவுண்டில் ஒரு 75-300 விட்டது. மவுண்ட்தான் புதுசு. ஐ.எஸ். இதிலும் இல்லை. ஆர்50, ஆர்100 காமிராக்களின் உடம்புக்குள்ளும் அந்த வசதி கிடையாது. 2023-ல் வந்த 55-210-ல் ஐ.எஸ். உண்டு.

வேடந்தாங்கல் வேறு கதை

நாரை எடுப்பதுதான் நோக்கமா? நவம்பரிலிருந்து மார்ச் வரை வேடந்தாங்கலில் கூட்டம் கூட்டமாக இருக்கும். நூறு மீட்டர் தள்ளி மரத்தில் உட்கார்ந்திருக்கிற, ஒரு மீட்டர் உயர மஞ்சள்மூக்கு நாரை, 250-ல் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். 300-லும் ஐந்தில் ஒரு பங்கு. இங்கே பேசவேண்டியது 600 மில்லிமீட்டர். சிக்மாவின் 150-600 இரண்டு கிலோவை நெருங்கும், விலையும் கனம். வருஷத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்காக அதை வாங்காதீர்கள். சென்னையில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. எடுத்துப்போய்ச் சுட்டுவிட்டு, திங்கட்கிழமை திருப்பிக் கொடுங்கள்.

மாமியார் புடவை டெஸ்ட்

செகண்ட்ஹேண்டில் நல்ல லென்ஸ் பாதி விலைக்குக் கிடைக்கலாம். வாங்குமுன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றின் பரிசு. எவ்வளவு மலிவானாலும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். புதுசு வாங்கினாலும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கூர்மை பார்க்கச் சோதனைச்சாலை வேண்டாம். வீட்டில் ஒரு காஞ்சிப் பட்டு இருக்காதா? உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறமாகக் கோத்து நெய்த கோர்வைப் புடவையாக இருந்தால் ரொம்ப நல்லது. கொடியில் சுருக்கமில்லாமல் தொங்கவிட்டு, லென்ஸை முழுக்க இழுத்து, எஃப் 5.6-ல் ஒன்று, எஃப் 8-ல் ஒன்று எடுங்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, உடலும் பார்டரும் சேரும் இடத்தைப் படத்தின் நடுவிலும் மூலையிலும் பாருங்கள். பல் பல்லாகப் பிரிந்து தெரிந்தால் லென்ஸ் பாஸ். மூலையில் ஜரிகை மஞ்சள் குழம்பாகத் தெரிந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

லென்ஸை, சார்! புடவையை அல்ல. அதை மடிப்புக் கலையாமல் மாமியாரின் பீரோவிலேயே வைத்துவிடுங்கள். அங்கே கை நடுங்கினால், எந்த ஐ.எஸ்.ஸும் காப்பாற்றாது!