பெரிய மாநாடுகளில் நேரத்தைத் திட்டமிடுவது எப்படி?

புது தில்லி: மருத்துவம், கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் உள்ளிட்ட துறைகளின் தேசிய மாநாடுகளுக்கு முதல்முறையாகச் செல்வோர் பலர், சொந்த விடுப்பையும் சேமிப்பையும் செலவிட்டே செல்கின்றனர். எதைக் கேட்பது என்பதுடன், எதை விடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தால்தான் அந்தச் செலவுக்குப் பலன் கிடைக்கும்.

ஏன் திட்டமிட வேண்டும்?

தில்லி துவாரகாவில் 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்த யஷோபூமி மாநாட்டு மையத்தை எடுத்துக்கொள்ளலாம். சுமார் 6,000 இருக்கைகள் கொண்ட முதன்மை அரங்கம், பெரிய விழா மண்டபம், 13 கூட்ட அறைகள் என அங்கு மொத்தம் 11,000 பேருக்கு இடமுண்டு.

அந்த 13 அறைகளிலும் நாளொன்றுக்குத் தலா 6 அமர்வுகள் ஒரே நேரத்தில் நடப்பதாகக் கொண்டால், மூன்று நாள்களில் 234 அமர்வுகள் நடைபெறும். ஒருவர் ஓர் அமர்வைக்கூடத் தவறவிடாமல் அமர்ந்தாலும் 18 அமர்வுகளை மட்டுமே கேட்க முடியும்.

எதற்கு முன்னுரிமை?

நிகழ்ச்சி நிரல் வெளியானதும், மாநாட்டிலிருந்து பெற விரும்பும் இரண்டு அல்லது மூன்று பயன்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அவற்றுக்குத் தொடர்பில்லாத அமர்வுகளை, பேச்சாளர் புகழ்பெற்றவராக இருந்தாலும், தயங்காமல் நீக்கலாம்.

முதன்மை உரைகள் காணொலியாக வெளியாகும் எனில் அவற்றைப் பின்னரும் பார்க்கலாம். பயிலரங்குகள் அப்படியல்ல. அவற்றில் இடங்கள் குறைவு. பெரும்பாலும் தனிப் பதிவும் தேவைப்படும். ஆய்வுச் சுவரொட்டிகளின் அருகே ஆய்வாளர்கள் குறிப்பிட்ட நேரம் மட்டுமே நிற்பார்கள். அந்த நேரம் கடந்துவிட்டால் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

மருத்துவர்கள் தொடர் மருத்துவக் கல்விப் புள்ளிகளுக்காகவும், பட்டயக் கணக்காளர்கள் தொடர் தொழிற்கல்வி நேரங்களுக்காகவும் மாநாடுகளில் பங்கேற்பதுண்டு. எந்த அமர்வுகள் கணக்கில் சேரும், வருகைப் பதிவு எப்போது நடைபெறும் என்பதை அவர்கள் முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இடைவெளி அவசியம்

அடுத்தடுத்த அமர்வுகள் வெவ்வேறு தளங்களில் நடந்தால், நடப்பதற்கே நேரம் பிடிக்கும். எனவே முற்பகலிலும் பிற்பகலிலும் தலா ஒரு மணி நேரத்தைக் காலியாக விடலாம். வேலைவாய்ப்பு, கூட்டு ஆய்வு தொடர்பான உரையாடல்கள் பெரும்பாலும் தேநீர் இடைவேளையில்தான் தொடங்குகின்றன. சந்திக்க வேண்டியவர்களுக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேட்பது பலன் தரும்.

பயணத்தையும் கணக்கில் கொள்க

புது தில்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலைய விரைவு மெட்ரோவில் யஷோபூமிக்குச் செல்லச் சுமார் 21 நிமிடங்கள் ஆகும். ஆனால் முதல் நாள் காலையில் பாதுகாப்புச் சோதனையிலும் பதிவு வரிசையிலும் அதைவிட அதிக நேரம் நிற்க நேரிடலாம். முந்தைய நாளே அடையாள அட்டை வழங்கப்படுமானால் அப்போதே பெற்றுக்கொள்வது நல்லது.

ஊர் திரும்பும் ரயிலுக்குக் கடைசி நாள் மதியமே முன்பதிவு செய்தால், அன்றைய பிற்பகல் அமர்வுகள் கைவிட்டுப்போகும். எனவே பயணச்சீட்டு எடுக்கும் முன் நிகழ்ச்சி நிரலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.