'இருக்கலாம்' என்ற சொல்லோடு வாழும் நாட்கள்

புற்றுநோய் 'உண்டு' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் நடுவே 'இருக்கலாம்' என்று மூன்றாவது சொல் ஒன்று இருக்கிறது. உடலில் ஒரு கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து, அது என்ன கட்டி என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லும் நாள்வரை, ஒரு குடும்பம் அந்தச் சொல்லோடுதான் வாழ வேண்டியிருக்கிறது. சிகிச்சையைப் பற்றியும் குணமடைந்தவர்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ள தமிழில், சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் வாரங்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஆனால் உறவும் பக்தியும் சிரிப்பும் ஒரு மனிதருக்கு மிகுதியாகத் தேவைப்படுவதும், அதே அளவுக்குத் தவறாகப் பயன்பட்டுவிடுவதும் அந்த வாரங்களில்தான்.

ஜோகூர் மாநிலத்தின் தென்மேற்கில், சிங்கப்பூருக்குச் செல்லும் இரண்டாம் பாலத்தின் அருகே அமைந்துள்ள கெலாங் பாத்தாவில் இந்தக் காத்திருப்புக்குத் தனிச்சுமை ஒன்று உண்டு. 1998இல் அந்தப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் எல்லையைக் கடந்து வேலைக்குப் போகும் வாழ்க்கை இவ்வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டதால், மருத்துவமனையில் கழியும் ஒரு பகல் பலருக்கு இழந்துவிட்ட ஒரு நாள் சம்பளமாகவே தெரிகிறது. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் தொடங்கும் பயணம், பரிந்துரைக் கடிதத்தோடு ஜோகூர் பாருவிலுள்ள பெரிய மருத்துவமனைகளுக்கு நீள்கிறது; புற்றுநோய்ப் பிரிவும் கதிரியக்கச் சிகிச்சையும் அமைந்த சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையோ நகரின் மறுபுறத்தில் இருக்கிறது. ஆகவே, 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் தள்ளிப்போடுவதற்குப் பயம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

சோதனை முடிவு ஏன் உடனே கிடைப்பதில்லை என்பது தெரிந்தால், காத்திருப்பின் கனம் சற்றுக் குறையும். கட்டியிலிருந்து சிறு துண்டுச் சதையை எடுத்து ஆராய்வதற்குப் பயாப்சி, அதாவது திசுச் சோதனை, என்று பெயர். எடுக்கப்பட்ட துண்டு கெட்டுப்போகாமலிருக்க ஃபார்மலின் திரவத்தில் பல மணி நேரம் ஊறவைக்கப்பட்டு, நீர் நீக்கப்பட்டு, உருகிய மெழுகில் பதிக்கப்படுகிறது. மெழுகு இறுகிய பிறகு, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான, ஏறத்தாழ 4 மைக்ரான் அளவுள்ள சீவல்களாக அது வெட்டப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டப்பட்டு, உயிரணுவின் கரு நீலஊதாவாகவும் மற்ற பகுதிகள் இளஞ்சிவப்பாகவும் தெரியும்படி சாயமேற்றப்படுகிறது. திசுநோயியல் வல்லுநர் அதை உருப்பெருக்கியில் பார்த்தே கருத்துச் சொல்கிறார். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தாலும், அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அறிய ஹார்மோன் ஏற்பிகளுக்கும் ஹெர்2 புரதத்துக்குமான தனிச்சோதனைகள் தேவைப்படுவதால், மேலும் சில நாட்கள் கழிகின்றன.

மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் அறிக்கையிலும் இந்த 'இருக்கலாம்' எண்ணாகவே எழுதப்படுகிறது. பைராட்ஸ் எனப்படும் முறையில் 0 முதல் 6 வரை தரவரிசை உண்டு. 0 என்றால் படம் முழுமையாகத் தெளிவு தரவில்லை, இன்னும் படம் எடுக்க வேண்டும் என்று பொருள். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டைத் தாண்டாது என்பதால், வழக்கமாக ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். 4 அல்லது 5 என்றால் திசுச் சோதனை தேவை. மீண்டும் வரச் சொன்னாலே நோய் உறுதியாகிவிட்டது என்று பலர் கலங்குகிறார்கள். ஆனால் அறிகுறி ஏதுமின்றி மேமோகிராம் எடுத்துக்கொண்டு மறுபடி அழைக்கப்படும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

தெளிவின்மையே ஒரு நோயைப்போல மனிதரை வாட்டும் என்பதை அமெரிக்கச் செவிலியர் அறிஞர் மெர்ல் மிஷல் 1980களில் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். என்ன நடக்கிறது என்பதற்கு மனத்தால் பொருள் கொடுக்க முடியாதபோது அச்சம் பெருகுகிறது என்றும், நம்பத்தகுந்த மருத்துவரும் உடனிருக்கும் சுற்றமும் சரியான தகவலும் அதைத் தாங்கக்கூடியதாக ஆக்குகின்றன என்றும் அவர் விளக்கினார். நோய் உறுதியான பிறகும் தெளிவின்மை தீர்ந்துவிடுவதில்லை. அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று உறையில் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டபோது, அந்நோய்க்கான இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று நூல்கள் கூறின. பாதிப்பேர் எட்டு மாதத்துக்குக் குறைவாகவும் மீதிப்பேர் அதற்கு மேலும் வாழ்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள் என்றும், அந்த 'மேலும்' எவ்வளவு தூரம் நீளும் என்பதை அந்த எண் சொல்வதில்லை என்றும் அவர் உணர்ந்து எழுதினார். அதன்பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்த அவர், 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார்.

நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து கவனிப்பவரையும் சேர்த்து நான்கு கூறுகளாக மருத்துவத்தைப் பகுத்த திருக்குறள், அந்த நான்காமவருக்கு மற்ற மூன்றுக்கும் இணையான இடம் தந்திருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் அந்த இடத்தை நிரப்ப ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அன்பின் பெயரால் நேரும் முதல் பிழை மறைத்தல். 'அம்மாவிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார்' என்று பிள்ளைகள் அறைக்கு வெளியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். உள்ளே அமர்ந்திருக்கும் அம்மாவோ, 'பிள்ளைகள் பயந்துவிடும்' என்று எண்ணித் தன் வலியைச் சொல்லாமல் விடுகிறார். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் காப்பதாக நினைத்துக்கொண்டு தனித்தனியே அஞ்சுவதைவிட, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே கேட்டுவிடுவது நல்லது. ஒருவர் எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்வதும், கேட்க வேண்டிய கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொள்வதும், விடுப்பு எடுத்து உடன்செல்லும் முறையை உறவினர் பங்கிட்டுக்கொள்வதும் சிறிய செயல்களாகத் தோன்றினாலும், காத்திருப்பவருக்கு அவை பெரும் ஊன்றுகோல்.

மலேசியத் தமிழர் வீடுகளில் மருத்துவமனையின் தேதி அட்டை பல நேரங்களில் சாமி மேடையில், திருநீற்றுத் தட்டுக்குக் கீழே வைக்கப்படுகிறது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாகவோ காவடி சுமப்பதாகவோ நேர்ந்துகொள்பவரும், தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுபவரும், தொழுகைக்குப் பின் கையேந்தி மன்றாடுபவரும் தேடுவது ஒன்றையே: தம் கையில் இல்லாததைத் தாங்கிக்கொள்ளும் வலிமை. அந்த வலிமை உண்மையானது. அதை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், வேண்டுதல் நிறைவேறும்வரை பயாப்சியைத் தள்ளிவைப்பதும், கத்தி பட்டால் நோய் பரவும் என்ற வதந்தியை நம்பி நாட்டு மருந்தோடு நின்றுவிடுவதும் உயிரைப் பறிக்கக்கூடியவை. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் 63.7 விழுக்காடு, கண்டறியப்பட்டபோதே நோய் முற்றிய மூன்றாம் அல்லது நான்காம் நிலையை அடைந்திருந்தன. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இது 58.7 விழுக்காடு. விரதம் இருக்க விரும்புவோர், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டே இருக்க வேண்டும். அட்டையைச் சாமி மேடையில் வைப்பது நல்ல வழக்கம். குறித்த நாளில் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு புறப்படுவதும் அந்த வழிபாட்டின் பகுதியே.

சிரிப்புக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 'இடுக்கண் அழியாமை' என்ற அதிகாரத்தைத் துன்பத்தின் முன் சிரிக்கச் சொல்லியே தொடங்குகிறார் வள்ளுவர். நகைச்சுவைப் படங்களைப் பார்த்துச் சிரித்ததால் வலி தணிந்து உறங்க முடிந்தது என்று 1979இல் நூல் எழுதி உலகப் புகழ் பெற்ற நார்மன் கசின்ஸுக்கு வந்திருந்தது புற்றுநோய் அன்று, மூட்டுகளைத் தாக்கும் நோய். சிரிப்பு கட்டியைக் கரைக்காது. ஆனால் இறுக்கத்தைத் தளர்த்தும், வாய்விட்டுப் பேச முடியாததைப் பேசவைக்கும். அதில் காக்க வேண்டிய மரியாதை ஒன்று உண்டு: நகைச்சுவையை நோயாளியே தொடங்க வேண்டும், மற்றவர் அதைத் தொடரலாம். கீமோதெரபியால் முடி உதிர்ந்த பாட்டி, கோயிலில் மொட்டையடித்த பேரனை அருகில் நிறுத்தி, யார் தலை அதிகம் பளபளக்கிறது என்று தாமே கேட்கும்போது வீடே சிரிக்கலாம். அதையே விருந்தாளி ஒருவர் கேட்டால் அது காயம். மொட்டையைக் காணிக்கையாக மதிக்கும் பண்பாட்டில், உதிர்ந்த முடியை அவமானமாகக் கருத வேண்டியதில்லை என்று பாட்டிக்கு உணர்த்தவும் அந்தச் சிரிப்பு போதும்.

அறிக்கை வரும் நாளில் அந்த 'இருக்கலாம்' ஏதேனும் ஒரு பக்கம் சாயும். பெரும்பாலும் அது நிம்மதியின் பக்கமாகவே இருக்கும்; அப்படி இல்லாவிட்டாலும், குறித்த நாளில் போய் நின்றவருக்குச் சிகிச்சையின் முதல் அடி ஏற்கெனவே எடுத்துவைக்கப்பட்டிருக்கும். அதுவரை உடன்வரும் கை, வேண்டுதல், சிரிப்பு ஆகிய மூன்றும் அவரை மருத்துவரின் எதிரே உள்ள நாற்காலிவரை கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டால், அவை தம் கடமையைச் செய்துவிட்டன.