மாவு மாதிரி இருக்கும் ரெசின் பவுடர்... அசந்தால் வெடிக்கும்! தோல் ஷாப்பு தொழிலாளர்கள் தெரிந்து கொள்ள வேண்டியவை

ஏலகிரி,

ஏலகிரி மலையில் அத்தனாவூர், நிலாவூர் என்று 14 சிற்றூர்கள் உள்ளன. விவசாயம், சுற்றுலா போக, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி பொன்னேரிக்கு வந்து, அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் வேலைக்கு போகிறவர்களும் உண்டு. மலை அடிவார ஊர்களில் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு ஒருவராவது தோலை நம்பி இருக்கிற தெருக்கள் அங்கே ஏராளம்.

தோல் ஷாப்பில் ஆசிட் என்றால் எல்லோருக்கும் பயம். சுண்ணாம்பு, சல்பைடு, குரோம் என்றாலும் பயம். பயமே இல்லாமல் தொடுகிற சரக்கு ஒன்று உண்டு. அதுதான் ரெசின் பவுடர்.

25 கிலோ பேப்பர் மூட்டையில் வரும். வெள்ளையாகவோ, லேசான மஞ்சளாகவோ, பார்த்தால் மைதா மாவு போலவே இருக்கும். கையில் பட்டால் எரியாது. புகை வராது. அதனால்தான் மூட்டையை பிளேடால் கிழித்து, அப்படியே தூக்கி டிரம்மில் கவிழ்த்துவிட்டு, முகத்தில் ஒட்டிய பவுடரை துண்டால் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்கு போய்விடுகிறார்கள்.

அந்த பவுடர் லேசுப்பட்டது அல்ல.

எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் தோலை பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பிறகு குரோம் வந்தது. குரோமில் பதனிட்ட தோல் நீல நிறத்தில் ஈரமாக இருக்கும். அதைத்தான் ‘வெட் புளூ’ என்கிறார்கள். இந்த தோலில் முதுகுப்பகுதி கெட்டியாகவும், வயிற்றுப்பகுதியும் ஓரங்களும் தொளதொளவென்றும் இருக்கும். தொளதொளப்பான இடத்தில் புகுந்து நிரப்பி, தோல் முழுவதையும் ஒரே சீராக்குவதுதான் ரெசினின் வேலை.

தோல் தொழிலில் அதிகம் புழங்குவது மெலமைன், டைசயன்டையமைடு வகை ரெசின்கள். இந்த ரசாயனங்களை பார்மால்டிஹைடுடன் சேர்த்து முதலில் திரவமாக தயாரிப்பார்கள். அந்த திரவத்தை சூடான காற்றில் ஸ்பிரே அடித்தால், துளித்துளியாக காய்ந்து பவுடராக விழும். பால் பவுடர் தயாரிப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான். அதனால்தான் பவுடர் அவ்வளவு நைசாக இருக்கிறது. ஆபத்துக்கும் அந்த நைசுதான் காரணம்.

மூட்டை வெடிக்காது, தூசி வெடிக்கும்

விறகுக்கட்டையில் தீக்குச்சியை வைத்தால் உடனே பற்றாது. அதையே மரத்தூளாக்கி காற்றில் தூவி நெருப்பை காட்டினால் ‘பக்’கென்று பிடிக்கும். தூளாகும்போது ஒவ்வொரு துகளையும் சுற்றி காற்று இருக்கிறது. எல்லாம் ஒரே நொடியில் எரிகிறது. மைதா, சர்க்கரை, மஞ்சள்தூள், பிளாஸ்டிக் பவுடர், ரெசின் பவுடர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நான்கு சுவரும் கூரையும் உள்ள அறைக்குள் இது நடந்தால், எரிந்த காற்றுக்கு விரிய இடம் கிடைக்காது. சுவரை தள்ளிக்கொண்டு வெளியேறும். அதுதான் வெடிப்பு.

இதில் மோசமானது இரண்டாவது வெடிப்பு. முதலில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பொறி கிளம்பும். அந்த அதிர்ச்சியில் கூரை உத்திரம், டியூப் லைட் பட்டி, கேபிள் தட்டு, மின்விசிறி இறக்கை ஆகியவற்றின் மேல் மாதக்கணக்கில் படிந்திருந்த தூசி மொத்தமும் கீழே கொட்டும். காற்றில் பரவிய அந்த தூசியை முதல் நெருப்பு பிடித்துக்கொள்ளும். ஆட்களை கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வெடிப்புதான்.

எவ்வளவு தூசி படிந்தால் ஆபத்து? அமெரிக்காவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படிவு, தளத்தின் 100 சதுர அடியில் 5 சதுர அடிக்கு மேல் பரவினாலே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். நம்ம ஊர் கணக்கில் சொன்னால், உத்திரத்தின் மேல் விரலால் பெயர் எழுதினால் எழுத்து பளிச்சென்று தெரிகிறதா? உடனே சுத்தம் செய்ய வேண்டும்.

ஒரே மாதத்தில் 2 தொழிற்சாலைகள்

2003-ம் ஆண்டு ஜனவரி 29-ந்தேதி அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலம் கின்ஸ்டனில், மருந்து பாட்டில்களுக்கு ரப்பர் மூடி செய்யும் வெஸ்ட் பார்மசூட்டிகல் தொழிற்சாலை வெடித்தது. 6 பேர் பலியானார்கள். ரப்பர் ஒட்டாமல் இருக்க பாலிஎத்திலின் பவுடரை தண்ணீரில் கரைத்து பூசுவார்கள். காய்ந்த பவுடர் பறந்து பறந்து, கண்ணுக்கு தெரியாத பொய்க்கூரைக்கு மேலே குவிந்து கிடந்தது. கீழே தரை சுத்தமாகத்தான் இருந்தது. மேலே இருந்ததுதான் எமனாகிவிட்டது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 20-ந்தேதி கென்டக்கி மாநிலம் கார்பினில் சி.டி.ஏ. அக்கூஸ்டிக்ஸ் தொழிற்சாலை வெடித்தது. அங்கே கண்ணாடி இழையுடன் பீனாலிக் ரெசின் பவுடரை சேர்த்து, சூடாக்கி தகடு செய்தார்கள். ஓவனில் வெப்பம் சரியாக இல்லை என்று கதவை திறந்து வைத்து ஓட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே துடைப்பமும் கம்ப்ரசர் காற்றும் வைத்து சுத்தம் செய்யும் வேலை நடந்தது. கிளம்பிய ரெசின் தூசி ஓவன் நெருப்பை தொட்டது. 7 பேர் பலி, 37 பேர் காயம். சுத்தம் செய்த முறைதான் அங்கே தூசியை கிளப்பிவிட்டது என்பதை கவனிக்க வேண்டும்.

தூரத்து கதை என்று தள்ளிவிட முடியாது. 2025-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி தெலுங்கானாவில் சங்காரெட்டி மாவட்டம் பாசமைலாரம் தொழிற்பேட்டையில் சிகாச்சி தொழிற்சாலை தரைமட்டமானது. மாத்திரையில் சேர்க்கும் செல்லுலோஸ் பவுடர் தயாரிக்கும் இடம். பெயரை கேட்டால் விஷம் போலவே தோன்றாது. ஆனால் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதில் பலர் வெளிமாநிலத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

கம்ப்ரசர் காற்று வேண்டவே வேண்டாம்

ஷிப்டு முடிந்ததும் கம்ப்ரசர் குழாயை எடுத்து மெஷினையும் தரையையும், போதாததற்கு சட்டையையும் தலைமுடியையும் ஊதிக்கொள்வது பல இடங்களில் வழக்கம். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது தூசியை எடுத்துப் போடுவதில்லை, தரையில் இருந்ததை உத்திரத்துக்கு ஏற்றி வைக்கிறது. ரெசின் தூசியை எடுக்க, தூசிக்கென்றே செய்த, பொறி பறக்காத வேக்குவம் கிளீனர் வேண்டும். அது இல்லாத சின்ன பட்டறையில், தூசி கிளம்பாமல் மெதுவாக தள்ளிக் கூட்டி அள்ளுவதே மேல்.

தண்ணீர் ஊற்றி கழுவலாமே என்று கேட்கலாம். பவுடரை அள்ளுவதற்கு முன்பு தண்ணீர் ஊற்றினால் தரை பசை போல வழுக்கும். 25 கிலோவை தோளில் வைத்துக்கொண்டு அதில் கால் வைத்தால் இடுப்பு போய்விடும். அள்ளிய பிறகு ஈரத்துணியால் துடைப்பதுதான் சரி.

பினிஷிங் பகுதியில் இன்னொரு ஆபத்து. அங்கே தின்னர், லாக்கர் ஆவி காற்றில் இருக்கும். உள்ளே பிளாஸ்டிக் பை வைத்த மூட்டையில் இருந்து பவுடர் வேகமாக சரியும்போது நிலை மின்சாரம் உண்டாகும். இருட்டில் நைலான் துணியை கழற்றும்போது ‘பட் பட்’ என்று பொறி வருமே, அதேதான். தின்னர் ஆவிக்கு அந்த ஒரு பொறி போதும். அதனால் தின்னர் இருக்கிற பாத்திரத்தில் நேராக பவுடரை கொட்டக்கூடாது. கொட்டும் இரும்பு பாத்திரங்களுக்கு எர்த் கொடுத்திருக்க வேண்டும். மூட்டை பிரிக்கும் இடத்தில் பீடி, சிகரெட், வெல்டிங், கிரைண்டிங் எதுவும் கூடாது.

மூக்கும் கண்ணும்

ரெசினில் ஒட்டாமல் மிச்சம் இருக்கும் கொஞ்சம் பார்மால்டிஹைடு ஈரமும் சூடும் பட்டால் வெளியே வரும். மூட்டையை பிரிக்கும்போது கண் கரிக்கிறது, மூக்கில் நீர் வடிகிறது என்றால் அதுதான் காரணம். 2004-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பார்மால்டிஹைடை மனிதர்களுக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் வரிசையில் சேர்த்தது. ஒரு நாள் மூச்சில் போனதற்காக பதற வேண்டாம். வருஷக்கணக்கில் தினமும் போவதுதான் பிரச்சினை. சிலருக்கு தோலில் அரிப்பும் ஆஸ்துமாவும் வருவது உண்டு.

கைக்குட்டை, துண்டு, புடவை முந்தானை எதுவும் நைசான தூசியை தடுக்காது. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான என்-95 வகை மாஸ்க் தூசிக்கு நல்லது. ஆனால் அது பார்மால்டிஹைடு வாயுவை தடுக்காது. ஜன்னலை திறந்து வைப்பதும், டிரம் வாய்க்கு பக்கத்திலேயே தூசியை உறிஞ்சும் விசிறி வைப்பதும்தான் அதற்கு வழி. கண்ணாடி, கையுறையும் தேவை. மூட்டையை உயரத்தில் இருந்து கவிழ்க்காமல், டிரம் வாயில் சாய்த்து வைத்து மெதுவாக சரித்தாலே பாதி தூசி குறையும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

கண்ணில் விழுந்தால் கசக்கக்கூடாது. இமையை விரித்து 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு முட்டினால் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும்.

குடோனில்...

வேலூர், ஆம்பூர் வெயிலை சொல்லத் தேவையில்லை. அக்னி நட்சத்திரத்தில் தகரக்கூரை குடோன் அடுப்பு போல ஆகிவிடும். ரெசினுக்கு நிழலான, காற்றோட்டமான, காய்ந்த இடம் வேண்டும். தரையோடு வைக்காமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். ஈரம் ஏறினால் கட்டி கட்டியாகி, சரக்கும் வீண், பணமும் வீண். பிரித்த மூட்டையை வாய் மடித்து இறுக்கி கட்ட வேண்டும். முதலில் வந்த மூட்டை முதலில் போக வேண்டும்.

ஒரே குடோனில் ஆசிட் கேனும் சல்பைடு மூட்டையும் பக்கத்து பக்கத்தில் இருப்பதுதான் பெரிய வினை. இரண்டும் சேர்ந்தால் வரும் ஹைட்ரஜன் சல்பைடு நிமிடத்தில் ஆளை சாய்த்துவிடும். லேபிள் கிழிந்த மூட்டையை ‘ரெசின் மாதிரிதான் இருக்கு’ என்று ஊகித்து டிரம்மில் போடுவது தற்கொலைக்கு சமம்.

மூட்டை மேல் படுத்து தூங்குவதும் கூடாது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி அதிகாலை கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி சுவர் இடிந்தது. பக்கத்து தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கழிவு சேற்றில் சிக்கினார்கள். 10 பேர் பிணமாக மீட்கப்பட்டனர். அங்கே ரெசின் இல்லை. ஆனால் சரக்கும் கழிவும் இருக்கிற இடத்தில் படுக்கை போடுவது இன்னும் நிற்கவில்லை.

தீப்பிடித்தால்

தண்ணீரை குழாயில் வேகமாக பீய்ச்சினால் குவியல் கலைந்து தூசி கிளம்பும். தூறல் போல ஸ்பிரே அடிக்க வேண்டும். தீயணைப்பு சிலிண்டரையும் குவியலின் நடுவே ஒரேயடியாக அடிக்கக்கூடாது. மெலமைன் ரெசின் எரியும் புகையில் சயனைடு வாயு இருக்கும். சோல் செய்யும் பி.வி.சி. அவ்வளவு சுலபமாக பற்றாது, ஆனால் எரிந்தால் ஆசிட் புகையை கக்கும். ஆகவே சின்ன தீ தவிர மற்றதற்கு ஹீரோயிசம் வேண்டாம். வெளியே ஓடிவந்து 101-க்கு போன் போடுவதே புத்திசாலித்தனம்.

கேட்கும் உரிமை உண்டு

பற்றக்கூடிய தூசியை கட்டுப்படுத்த வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-வது பிரிவே சொன்னது. 2025 நவம்பர் 21-ந்தேதி முதல் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் அமலுக்கு வந்துள்ளன. பணியிட பாதுகாப்பு பற்றிய விவரத்தை முதலாளியிடம் கேட்கும் உரிமை அதிலும் தொழிலாளிக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் இதை பார்ப்பது தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ‘பாதுகாப்பு விவரத்தாள்’ ஒன்று உண்டு. ‘எம்.எஸ்.டி.எஸ்.’ என்று கேட்டால் ஆபீசில் தெரியும். அதில் 16 பகுதிகள். 4-வதில் முதலுதவி, 5-வதில் தீயணைப்பு, 7-வதில் கையாளும், வைக்கும் முறை. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். சூப்பர்வைசரை படித்துச் சொல்லச் சொல்லி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காலி சாக்கு வீட்டுக்கு வரலாமா?

மூட்டை காலியானதும் சாக்கையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையையும் உதறி மடித்து வீட்டுக்கு கொண்டுபோவது நிறைய ஊர்களில் நடக்கிறது. கெட்டியான சாக்கு, மழைக்கு கூரை ஓட்டையை அடைக்கலாம், கேழ்வரகு, சாமை கட்டி வைக்கலாம் என்ற எண்ணம்தான். அதை உதறும்போது கிளம்பும் தூசியை குழந்தைகளும் சேர்ந்து சுவாசிக்கிறார்கள். எத்தனை முறை அலசினாலும் தையலிலும் மடிப்பிலும் பவுடர் ஒளிந்திருக்கும். ரசாயனம் வந்த நீல நிற பிளாஸ்டிக் டிரம்மை பழைய கடையில் வாங்கி குடிதண்ணீர் பிடித்து வைப்பதும் இதே தப்புதான். வேலைக்கு போட்ட சட்டையை வீட்டு துணிகளோடு ஊறவைக்காமல் தனியாக துவைக்க வேண்டும். காலி சாக்குகளை யாரும் மறுபடி உபயோகிக்க முடியாதபடி கிழித்து, கம்பெனியே கட்டி, அங்கீகாரம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும்.