சத்தியம் மட்டும் போதாது

இடம்பெயர்ந்தபோது எதை இழந்தீர்கள் என்று எம்மிடம் கேட்டால் வீடு, காணி, மாடு, இறைப்பு இயந்திரம், நகை என்று கணக்குச் சொல்வோம். அந்தக் கணக்கில் சேராத ஓர் இழப்பும் உண்டு. விடியமுன் எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும், பொழுது படுமுன் மாட்டைப் பட்டியில் அடைக்க வேண்டும் என்ற கட்டாயமே ஒரு விவசாயியின் நாளை ஒழுங்குபடுத்தி வந்தது. காணி போனதும் அந்த ஒழுங்கும் போயிற்று. பல குடும்பங்களில் போத்தல் உள்ளே வந்தது அந்த வெறுமையான நாட்களிலேதான்.

எம்மில் சிலர் 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்கள். சிலர் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வந்தவர்கள். இன்னும் பலர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடத்துக்கு இடம் ஓடி, பின்னர் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அங்கும் அதற்கு முன்னரும் தொடங்கிய குடி, மீள்குடியேறிய ஊருக்கும் கூடவே வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர், போருக்குப் பின்னரான மதுப்பாவனையைத் தனிமனிதரின் கெட்ட பழக்கமாக மட்டும் பார்க்கவில்லை. ஒரு சமூகம் முழுவதும் பட்ட காயத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவும் கண்டனர்.

காயம் என்று சொல்வதனால் குடிக்கு நியாயம் கற்பிப்பதாகாது. காயம் என்றால் அதற்கு வைத்தியம் வேண்டும் என்பதே பொருள்.

எப்போது அது நோயாகிறது?

காலையில் எழுந்தவுடன் கை நடுங்குகிறது. ஒரு மிடறு உள்ளே போனபின்தான் நடுக்கம் நிற்கிறது. முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதவில்லை. இன்று வேண்டாம் என்று நினைத்தே வீட்டை விட்டுப் புறப்படுகிறார்; கால்கள் தவறணைக்கே போகின்றன. இவை தெரிந்தால், அவருடைய உடல் மதுசாரத்துக்கு அடிமைப்பட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும்.

அந்த நோயைக் குடும்பம் முழுவதும் சுமக்கிறது. கடன்காரன் வந்தால் "அவர் வீட்டில் இல்லை" என்று மனைவி பொய் சொல்கிறாள். மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் சின்னதுகளைப் பார்த்துக்கொள்கிறது. படலையில் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்தே இன்றிரவு எப்படிக் கழியும் என்று பிள்ளைகள் கணித்துவிடுகிறார்கள். இது அவர்கள் கற்க வேண்டிய பாடமல்ல.

முதல் வாரத்தின் ஆபத்து

கிளிநொச்சி மாவட்டத்தில் மீளக்குடியேறிய ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். தகப்பன் இரண்டு தடவை சத்தியம் பண்ணி, இரண்டு தடவையும் முறித்தார். மூன்றாம் முறை உறுதியாகவே நின்றார். மறுநாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. அயலவர்கள் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். மனைவி ஒருவாறு வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பினார்.

இதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத பூச்சியும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகக்கூடும்.

ஆகவே சத்தியத்துக்கு முன்னர் வைத்தியரைக் காணுங்கள். மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவை விசாரியுங்கள். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து உண்டு. நெடுநாள் குடித்தவரின் உடலில் விற்றமின் பி1 குறைந்திருக்கும், அதையும் கொடுப்பார்கள். வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மனநல ஆலோசனைக்கு 1926.

சோற்றிலோ தேநீரிலோ தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று சொல்லி விற்கும் மருந்துகளை நம்பாதீர்கள். குடியை வெறுக்கச் செய்ய வைத்தியர்கள் கொடுக்கும் மருந்து ஒன்று உண்டு. அதை எடுத்தவர் அறியாமல் குடித்தால் இருதயமே பாதிக்கப்படலாம். நோயாளியின் சம்மதமும் வைத்தியரின் கண்காணிப்பும் இல்லாமல் அதைக் கொடுக்கக்கூடாது.

அதன்பின் வரும் மாதங்கள்

உடல் தேறச் சில நாட்கள் போதும். மனம் தேற மாதங்கள் செல்லும். பொழுதுபடும் நேரம், அறுவடைக் காசு கைக்கு வரும் நாள், கலியாண வீடு, செத்தவீடு ஆகியவை ஆபத்தான வேளைகள். அவற்றை முன்கூட்டியே குறித்துவைத்து, அந்நேரம் யாருடன் இருப்பது, என்ன வேலை செய்வது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வீட்டோடு நாலு பாத்தி கீரையும் கத்தரியும் போட்டு, பின்னேரத் தண்ணீரை அவர் பொறுப்பில் விடலாம். காசைப் பறித்து வைப்பதிலும் பார்க்க, "இந்த அறுவடைக் காசை நீ வைத்திரு" என்று அவரே மனைவியிடம் கொடுக்கும் உடன்பாடு நல்லது.

1935இல் அமெரிக்காவின் அக்ரோன் நகரில், குடிக்கு அடிமையாயிருந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் சந்தித்துப் பேசத் தொடங்கினர். அவ்வாறு பேசுவதே தம்மைக் குடியிலிருந்து காப்பதை உணர்ந்தனர். அதிலிருந்து வளர்ந்த இயக்கம் உலகெங்கும் பரவியது. எமது ஊரிலும் குடியை விட்ட இரண்டு மூன்று பேர் வாரத்தில் ஒரு நாள் வாசிகசாலையில் கூடி இருந்து மனம் விட்டுப் பேசலாம். மனைவிமாருக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

நாம் முன்னர் சொன்ன தகப்பன், எட்டு மாதம் குடியாமல் இருந்துவிட்டு ஓர் அறுவடையின்போது மீண்டும் குடித்தார். "எல்லாம் போச்சு" என்று மனைவி அழுதாள். மறுநாளே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றாள். அந்த எட்டு மாதமும் வீணாகவில்லை. எது தன்னை விழுத்தும் என்று அவர் கற்றுக்கொண்டார்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. வெறியில் அடித்தார் என்பது சாட்டாகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற இலக்கங்கள் உண்டு. தாயும் பிள்ளைகளும் ஒதுங்கிப் பாதுகாப்பாக இருப்பது கணவனைக் கைவிடுவது ஆகாது.

ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வேலைக்கு வந்தவர்களுக்குப் பின்னேரம் போத்தல் உடைக்கும் வழக்கத்தைக் கிராம அபிவிருத்திச் சங்கம் பேசி நிறுத்தலாம். 21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். கசிப்பு எவருக்கு விற்றாலும் குற்றம். குடியை விட்டவரை "ஒரு நாளைக்குத்தானே, எடு" என்று வற்புறுத்தாமல், ஒரு கோப்பை தேநீர் கொடுத்துப் பக்கத்தில் இருத்துங்கள். அவர் நாளை காலையில் வயலுக்கு நேரத்தோடு போகவேண்டும்.