மலைக்குப் போகும் வகுப்பும் குழாயில் வரும் தண்ணீரும்

மலைநாட்டுக்குச் சுற்றுலா போவதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டு வீட்டுக்கு வந்ததும் ஜிந்துப்பிட்டியில் பல பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்தக் காசுக்கு அரிசி வாங்கலாமே, மலையைப் பார்த்து என்ன செய்ய?" வயலையும் குளத்தையும் விட்டுவந்து, சந்துக்குள் ஓர் அறைக்கு வாடகை கட்டும் குடும்பத்தில் இது நியாயமான கேள்வி. ஆயினும் எப்படியாவது பிள்ளையை அனுப்புங்கள் என்றே நாம் சொல்வோம்.

ஊரில் வளர்ந்த எமக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தோம், குளக்கட்டில் ஏறி நின்றோம். கொழும்பில் வளரும் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் குழாய்தான். அந்தக் குழாய்க்குப் பின்னால் களனி ஆறு இருக்கிறது. கொழும்புக்குத் தேவையான நீரின் பெரும்பகுதியை அம்பத்தலையில் அந்த ஆற்றிலிருந்தே எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். மழை பொய்த்து ஆறு மெலிந்தால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவரும்; அதைத் தடுக்க அம்பத்தலையில் மணல்மூட்டை அடுக்கி அணை போட்டதுண்டு. கரையோரக் கிணறுகள் உவராவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. களனியின் தொடக்கமோ சிவனொளிபாத மலைப் பக்கம். அங்கேதான் வகுப்பு போகிறது.

கோட்டையில் ஏறினால் ரம்புக்கனை வரை புகையிரதம் சமநிலத்தில் ஓடும். அதன்பின் மலை ஏறத் தொடங்கும். ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல் இருப்பதால், கொழும்பில் 30 பாகையென்றால் அங்கே 22 அளவில் நிற்கும். நுவரெலியாவில் இன்னும் நாலு பாகை குறைவு. இந்தக் குளிர்தான் மழையின் இரகசியம்.

கஞ்சிப் பானையின் மூடியைத் தூக்கினால் உட்பக்கம் நீர் வியர்த்திருக்கும். பானைக்குள் எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து நீராகிறது. வைகாசி தொடக்கம் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குக் காற்று மலைச்சரிவில் மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, கொட்டிவிடுகிறது. வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது இதனாலேயே. ஈரத்தை இழந்த காற்று மலையின் மறுபக்கம் இறங்கும்போது மீண்டும் சூடேறி வறண்டுவிடும். மட்டக்களப்பார் 'கச்சான்' என்று சொல்லி வெறுக்கும் காற்று இதுதான். வன்னியில் சோளகம் வீசும் மாதங்களில் குளம் வற்றுவதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறோம்! எமது வயலை மழையின்றி விட்ட அதே காற்று மஸ்கெலியாவில் குடை பிடிக்க வைத்துவிட்டே வருகிறது. இதைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை மறந்துவிடும். நனைந்து நடுங்கிய பிள்ளை மறக்காது.

இனி இன்னொரு காட்சி. ஹட்டனைத் தாண்டினால் சிங்கமலைச் சுரங்கப்பாதை, அதற்கப்பால் கொட்டகலை. இந்தப் பக்கத்து மலைமுகடுகள்தான் இரண்டு ஆறுகளைப் பிரிக்கின்றன. தெற்கே விழும் மழை கெசல்கமு ஓயாவில் சேர்ந்து, களனியாகி, கொழும்புக்கு வருகிறது. கிழக்கே விழுவது கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் கலந்து, நீண்ட வழி சுற்றி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவை அடைகிறது. மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதையடுத்து மூண்ட சண்டையில் மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் வயலை விட்டு ஓடினார்கள் அல்லவா? அந்த மதகில் தடைப்பட்டதும் மகாவலியின் கிளையான வெருகல் ஆற்று நீரே. ஜிந்துப்பிட்டியில் வாளியை நிரப்பும் தண்ணீருக்கும் அந்த வயல் தண்ணீருக்கும் இடையே மேலே ஒரு முகடுதான் வேலி.

மஸ்கெலியாவில் கட்டாயம் இறங்க வேண்டும். மின்சாரத்துக்காக 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்கடியில் போனது. மக்கள் மேட்டில் அமைந்த புதிய நகரத்துக்கு மாறினார்கள். வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோவில் வெளியே தெரியும். சனங்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். குண்டு விழாமலும் ஊர் இழந்தவர்கள் உண்டு என்பதை எமது பிள்ளைகள் அங்கே கண்டுகொள்வார்கள். 1977 வன்செயலுக்குப்பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்குப் போய், காடு வெட்டி வயல் செய்து, அங்கிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் எமது வாசகரிடையே உள்ளன. அவர்களின் பிள்ளைகளுக்கு இது பாட்டன் பாட்டியின் ஊர். எந்தத் தோட்டம், எந்த லயன் என்று வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போகட்டும்.

நாள் குறிக்கும்போது மாசி, பங்குனி நல்லது. மழை குறைவு, நீர்த்தேக்கமும் இறங்கியிருக்கும். ஆனால் அது சிவனொளிபாத யாத்திரைக் காலம். வார இறுதியில் நெரிசல் தாங்காது. கடும் மழையில் போகவே கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழை மலைநாட்டுப் புகையிரதப் பாதையைப் பல இடங்களில் அறுத்தது. ஆகவே முதலில் நிலையத்தில் விசாரியுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று கண்டால் அவ்விடத்தில் நிற்க வேண்டாம். கம்பளிச்சட்டை இரவல் வாங்கலாம். அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசினால் போதும்.

வகுப்போடு பெரியவர் ஒருவர் போகலாமென்றால், வயல் செய்த தகப்பனோ தாயோ போவது நல்லது. தேயிலைச் சரிவில் குறுக்கே வெட்டியிருக்கும் கான் எதற்கு, அணையில் துருசு எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். வரம்பு கட்டிய கைக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரியும்.