நாதுலாப் பாதையில் ஒரு நாள்

தமிழகத்திலிருந்து உறவினர் கல்கத்தாவிற்கு வந்தால், காளிகாட், தட்சிணேசுவரம், பேலூர் மடம் ஆகியவற்றைத் தரிசித்த பின்னர், "இவ்வளவு தூரம் வந்தும் இமயத்தைக் காணாமல் திரும்புவதா?" என்று கேட்பது வழக்கம். சியால்டாவில் இரவு வண்டி ஏறினால் காலையில் நியூ ஜல்பைகுரி. அங்கிருந்து டீஸ்டா நதிக்கரையோரம் சுமார் 120 கிலோமீட்டர் சென்றால் சிக்கிமின் தலைநகராகிய காங்டாக். சாங்கு என்று வழங்கும் சோம்கோ ஏரியையும், திபெத்திய எல்லையிலுள்ள நாதுலாக் கணவாயையும் அங்கிருந்து ஒரே நாளில் கண்டு திரும்பலாம்.

எல்லைப் பகுதியாதலால் அனுமதிச் சீட்டு இன்றியமையாதது. முன்னாளிலேயே புகைப்படமும் அடையாளச் சான்றும் கொடுத்து, பதிவு பெற்ற பயண முகவர் வாயிலாக அதைப் பெறுதல் வேண்டும். உள்ளூர் வண்டியில்தான் செல்லலாம். ஓட்டுநரே பெரும்பாலும் வழிகாட்டியும் ஆவார். திங்களும் செவ்வாயும் நாதுலா செல்ல இயலாது. மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளின் குடிமக்களான உறவினருக்கு அக்கணவாய்க்கு அனுமதி இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம்.

இனி, உயரத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 8,650 அடி. சோம்கோ ஏரியோ 12,000 அடிக்கு மேல். நாதுலா 14,000 அடிக்கு மேல். காங்டாக்கின் உயரம் சுமார் 5,500 அடியே. ஆகவே, ஒரு காலைப் பொழுதிற்குள் எட்டாயிரம் அடிக்கு மேல் ஏறிவிடுகிறோம். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் நூறு பங்கு எனில் நாதுலாவில் ஏறத்தாழ அறுபது பங்கே. மூச்சிற்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவுக்குக் குறையும். 1958-ஆம் ஆண்டு பண்டித நேரு இக்கணவாய் வழியே பூட்டானுக்குச் சென்றபோது நாட்கணக்கில் மலைப்பயணம் செய்தார். நாமோ காலையில் புறப்பட்டு மாலையில் திரும்ப விழைகிறோம். உடல் பழகுவதற்கு அவகாசமில்லை.

சென்ற சித்திரையில் என் தாயாரையும் ஊரிலிருந்து வந்த மாமாவையும் அழைத்துச் சென்றேன். ஏரிக்கரையில் கவரிமாடுகளைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்த தாயாருக்குத் தலைவலியும் குமட்டலும் தோன்றின. நடை சற்றே தள்ளாடிற்று. மாமா, "பணம் கட்டியாயிற்று, இன்னும் ஒரு மணி நேரம்தானே? கற்பூரத்தை முகர்ந்தால் சரியாகிவிடும், அக்கா" என்றார். தாயாரும், "என்னால் உங்கள் பயணம் கெட வேண்டாம், நான் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

ஓட்டுநர் நேபாளி இளைஞர். தாயாரை "ஆமா" என்றே அழைத்து வந்தார். அவர் மொழியில் அதற்கு "அம்மா" என்று பொருள். அவர் வண்டியைக் கிளப்ப மறுத்துவிட்டார். "ஆமா உட்கார்ந்திருந்தாலும் வண்டி மேலேதானே போகிறது? கணவாய் எங்கும் போய்விடாது. கீழே இறங்குவோம்" என்று இந்தியில் கூறினார். முழு நாளுக்கும் கூலி பேசியிருந்தும் அவர் அவ்வாறு சொன்னது என் மனத்தைத் தொட்டது. மாமாவின் முகம் வாடிற்று. எனினும் திரும்பினோம். காங்டாக் நெருங்குமுன்பே தாயார் தெளிவடைந்து தேநீர் கேட்டார். "அக்கா தேநீர் கேட்டதே எனக்கு நாதுலா" என்றார் மாமா.

கற்பூரம் முகர்ந்தால் மூச்சு தெளிவதுபோல் தோன்றுமேயன்றி, குறைந்த பிராணவாயு கூடிவிடாது. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் உடனே கீழிறங்குவதே முதன்மையான சிகிச்சை. இருதய நோயும் ஆஸ்துமாவும் உடையோர் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். காங்டாக்கில் ஓரிரு இரவேனும் தங்கிய பின்னரே மேலே ஏறுதல் நன்று, நீர் மிகுதியாகப் பருகுக, மதுவை விலக்குக.

மலைவாசி ஒருவர் "போதும்" என்றால் அத்துடன் திரும்புவதாகக் குடும்பத்தார் அனைவரும் புறப்படுமுன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஏரிக்கரையில் நின்று வாதிடுவதற்கு அங்கே மூச்சு போதாது.