பச்சைத் தீவுக்கு ஒரு ராஜா

வரைபடத்தில் உள்ள ஓர் இடம், அதில் நம்ப முடியாத ஒரே ஒரு பொருள். சிறுவர் நாவல்களை சுனில் கங்கோபாத்யாய் இப்படித்தான் கட்டினார். அந்தமானில் அந்தக் கற்பனை யாருடைய தலையில் போய் உட்கார்ந்தது?

சாத்தம் துறையில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் பாம்பூஃப்ளாட். ஸ்கூட்டர், ஜீப், காய்கறி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே படகில். தமிழும் வங்காளமும் மலையாளமும் தெலுங்கும் அதில் கலந்து ஒலிக்கும். பொதுமொழி அந்தமான் இந்தி. எதிரே பச்சையாக நிற்கும் மலைக்கு 2021 வரை ஹாரியட் என்று பெயர், இப்போது மணிப்பூர் மலை. அதன் அடிவாரத்தில், பாம்பூஃப்ளாட்டை அடுத்துள்ள ஹோப்டவுன் துறையில்தான் 1872 பிப்ரவரி 8 அன்று இருட்டும் நேரத்தில் வைஸ்ராய் மேயோ பிரபுவைக் கத்தியால் குத்தினார் ஷேர் அலி என்ற கைதி. பாம்பூஃப்ளாட்டிலிருந்து கிளம்பும் சாலை ஃபெரார்கஞ்ச் போய்ச் சேருகிறது. அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் ஜிர்காடாங் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் ஜாரவாக்களின் காடு.

கைதிகள், தப்பி ஓட்டம், கொலை, வெளியாட்களை அம்பால் வரவேற்கும் காடு. மாயக்கதை எழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த நிலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் ஒரு வங்காளி. சுனில் கங்கோபாத்யாய் 1970-களில் எழுதிய 'சபுஜ் த்வீபேர் ராஜா', அதாவது 'பச்சைத் தீவின் ராஜா', வங்காளப் பிள்ளைகளுக்கு அந்தமானை அறிமுகம் செய்த நாவல். 1979-ல் தபன் சின்ஹா அதைத் திரைப்படமாகவும் எடுத்தார். கதையின் நாயகர் காகாபாபு. நம் வழக்கில் சொன்னால் சித்தப்பா. இயற்பெயர் ராஜா ராய்சௌத்ரி. தொல்பொருள் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். ஒரு கால் ஊனம், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. ஆனாலும் ஆபத்து எங்கே என்று தேடிப் போவார். கூடவே அண்ணன் மகன் ஷோந்து, பள்ளிக்கூடப் பையன்.

இருவரும் அந்தமானுக்கு வருகிறார்கள். ஜாரவா காட்டுக்குள் வானிலிருந்து விழுந்த ஒரு கல் இருக்கிறது. அதிலிருந்து அணையாமல் நெருப்பு எரிகிறது. அதைக் கொள்ளையடிக்க அந்நியர்கள் அலைகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆச்சரியம்: ஜாரவாக்களின் ராஜா ஒரு கிழவர். செல்லுலர் சிறையிலிருந்து தப்பி, செத்துப் போனதாக உலகம் நினைத்துக்கொண்டிருந்த வங்காளப் புரட்சிக்காரர்.

வாத்தியாரின் வீட்டுப்பாடம்

சுனிலுக்கு எழுத்துப் பழக்கம் வந்ததே ஒரு தண்டனையால்தான். 1934-ல் இன்றைய வங்கதேசத்தின் ஃபரித்பூர் பகுதியில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். மெட்ரிகுலேஷன் தேர்வு முடிந்த விடுமுறையில் பையன் ஊர் சுற்றிக் கெட்டுவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட அவர், டென்னிசன் கவிதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து தினமும் மொழிபெயர்க்கச் சொன்னார். கொஞ்ச நாளில் பையனுக்கு ஒரு விஷயம் புரிந்தது: அப்பா வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து மொழிபெயர்ப்பு நின்றது, சொந்தக் கவிதை ஆரம்பமானது. ஒரு பெண்ணுக்குச் சொல்ல நினைத்ததைக் கவிதையாக்கி 'தேஷ்' பத்திரிகைக்கு அனுப்பினார். அந்தப் பெண்ணின் வீட்டில் 'தேஷ்' வாங்குவார்கள் என்பதுதான் காரணம். கவிதை அச்சில் வந்தது. அதன் தலைப்பு 'ஒரு கடிதம்'.

எழுத்து முறைக்கான இரண்டு பாடங்கள் அப்போதே கிடைத்துவிட்டன. தினமும் எழுத வேண்டும் என்பது ஒன்று. யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து எழுத வேண்டும் என்பது இன்னொன்று.

இரண்டையும் அவர் கடைசி வரை விடவில்லை. 1953-ல் இளம் கவிஞர்களுக்காக 'க்ருத்திபாஸ்' தொடங்கினார். பிறகு ஆனந்தபஜார் குழுமத்தில் பத்திரிகையாளர் வேலை. 200-க்கும் மேற்பட்ட நூல்கள். 19-ம் நூற்றாண்டு வங்காளத்தைப் பற்றிய 'சேய் சமய்' நாவலுக்கு 1985-ல் சாகித்ய அகாடமி பரிசு. 2008-ல் அதே அகாடமிக்குத் தலைவரானார். 2012 அக்டோபர் 23-ல் இறந்தபோதும் அந்தப் பதவியில்தான் இருந்தார்.

இத்தனைக்கும் நடுவே சிறுவர் நாவலுக்கு நேரம் எங்கிருந்து வந்தது? துர்கா பூஜையிலிருந்து. நமக்குத் தீபாவளி மலர் எப்படியோ, வங்காளிக்குப் பூஜா மலர் அப்படி. ஒரே மலரில் முழு நாவல்கள் பல இருக்கும். பெயர்பெற்ற எழுத்தாளர் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒன்று எழுதித் தர வேண்டும். சிறுவர் பத்திரிகையான 'ஆனந்தமேளா'வின் பூஜா மலரைத் திறந்தால் முதலில் காகாபாபுவைத் தேடுவார்கள் பிள்ளைகள். உள்ளொளி வரும்வரை காத்திருக்க அங்கே இடமில்லை. மகாளயத்துக்கு முன் அச்சகத்துக்குப் பக்கம் போயாக வேண்டும். இப்படி வளர்ந்ததுதான் முப்பதுக்கும் அதிகமான காகாபாபு நாவல்கள்.

ஊர் நிஜம், கல் பொய்

அந்த நாவல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எழுதியவரின் சூத்திரம் பிடிபடும். முதல் நாவல் காஷ்மீரில் நடக்கிறது. தேடப்படும் பொருள் கனிஷ்கர் சிலையின் தலை. எவரெஸ்ட் பக்கம் போனால் பனிமனிதன். எகிப்து என்றால் பிரமிடு. ஹம்பிக்குப் போனால் விஜயநகரத்து வைரம். இடம் எப்போதும் நிஜம். ரயிலோ விமானமோ ஏறிப் போய் நாமும் பார்த்துவிடலாம். சாலை, விடுதி, ஆறு, மலை எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே வரும். நம்ப முடியாத பொருள் கதைக்கு ஒன்றுதான். சுற்றிலும் உள்ள உண்மை அந்த ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவனின் குதிரைக் குளம்படியைத் தேடியவர்கள் நாம். ஏரி நிஜம், சோழர் நிஜம். நந்தினி மட்டும் கல்கியின் கற்பனை. அவளைத்தான் அதிகம் நம்பினோம்.

சுனிலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நீல்லோஹித் என்ற புனைபெயரில் எழுதியபோது அவர் தேடியது வரைபடத்திலேயே இல்லாத ஊர். திக்ஷூன்யபூர், திசை என்பதே இல்லாத ஊர் என்று பெயர். நீல்லோஹித்துக்கு எப்போதும் வயது 27, அதற்குமேல் ஏறாது. பெரியவர்களுக்கு இல்லாத ஊரைக் கொடுத்தவர் சிறுவர்களுக்கு இருக்கிற ஊரைக் கொடுத்தார். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், அட்லஸைப் புரட்டிச் சரிபார்ப்பார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நிஜமாகத் தப்பியவர்

அந்தமானில் இந்தச் சூத்திரம் எவ்வளவு தூரம் பலித்தது? ராஜா ஆன கைதிக்கு வரலாற்றில் ஒரு தூரத்து உறவினர் உண்டு. அவர் பெயர் தூத்நாத் திவாரி. 1857 கிளர்ச்சிக்குப் பின் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய். 1858-ல் தண்டனைக் குடியிருப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே கூட்டமாகத் தப்பியவர்களில் ஒருவர். உடன் வந்தவர்கள் பலர் அம்புக்கு இரையானார்கள். காயத்தோடு பிழைத்த திவாரியை அந்தமானியர் சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு வாழ்ந்தார், மணமும் செய்துகொண்டார். 1859 மே மாதம் அந்த மக்கள் குடியிருப்பைத் தாக்கத் திரண்டபோது திவாரி முன்னதாக ஓடிவந்து ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டார். அபர்டீன் சண்டை என்று சரித்திரம் குறிக்கும் அந்த மோதலில் வில்லும் அம்பும் துப்பாக்கியிடம் தோற்றன. திவாரிக்கு மன்னிப்பு கிடைத்தது.

கதையில் கைதி காட்டுமக்களைக் காக்கிறார். சரித்திரத்தில் காட்டிக் கொடுத்தார்.

சுனில் கருணையுள்ள எழுத்தாளர். அவர் கதையில் வில்லன்கள் ஜாரவாக்கள் இல்லை, கல்லுக்காக வரும் வெளியாட்கள்தான். இருந்தும் ஒரு உறுத்தல் மிஞ்சுகிறது. ஜாரவாக்களுக்கு ராஜா என்று ஒருவர் கிடையாது. சிறு சிறு கூட்டங்களாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்கிறவர்கள். அந்தத் தீவுக்கு ஒரு ராஜா வேண்டும், அவர் கல்கத்தா பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று தோன்றியது கதை எழுதியவருக்குத்தான். இப்படி எழுதியவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. காட்டுக்குள் போகும் வெள்ளைக்காரன் அங்கே தலைவனாகிவிடும் கதைகள் ஆங்கிலத்தில் ஏராளம். வங்காளப் பிள்ளைகளுக்கு அதே இருக்கையில் நம் ஊர் தியாகி ஒருவரை உட்கார வைத்தார் சுனில். இருக்கையை அகற்றவில்லை.

காகாபாபு கனிஷ்கரின் தலையைத் தேடியபோது யாருக்கும் நஷ்டமில்லை. கனிஷ்கர் இறந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஜாரவாக்கள் இருக்கிறார்கள். நிர்வாகத்தினர் அவர்களோடு முதன்முதலாக நட்பாகக் கைகோத்தது 1974-ல். 1996-ல் கால் முறிந்து கிடந்த ஒரு ஜாரவா சிறுவனை மருத்துவமனையில் வைத்துக் குணப்படுத்தி அனுப்பினார்கள். 1997 அக்டோபரிலிருந்து அவர்கள் ஆயுதமில்லாமல் காட்டைவிட்டு வெளியே வந்தார்கள். 1999-ல் தட்டம்மை வந்தது. அவர்கள் காட்டைக் கிழித்துப் போகும் நெடுஞ்சாலைப் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டும் வண்டிகள் நிற்கவில்லை. சுற்றுலாப் பயணிகள் முன் ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ 2012-ல் உலகம் முழுக்க ஓடியது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர்.

ஜிர்காடாங்கில் வண்டி வரிசையில் நிற்கும் பயணி, காட்டுக்குள் ஏதோ மர்மம் இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் ஜன்னலைத் திறக்கிறார். அந்த எண்ணத்தை அவருக்குக் கொடுத்தது ஏதோ ஒரு சிறுவர் கதையாகவும் இருக்கலாம்.

மூங்கிலில் பிறந்தவன்

அந்தத் தீவுகளுக்கு வெளியூர் ராஜா தேவைப்படாத கதைகள் உண்டு. மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி, கிரேட் அந்தமானிய மக்களிடம் மொழியைப் பதிவு செய்யப் போனவர். ஜாரவாக்களைப் போல ஒதுங்கி நிற்க முடியாமல், 19-ம் நூற்றாண்டிலேயே நோய்க்கும் குடியேற்றத்துக்கும் பலியாகி ஐம்பது பேர் அளவுக்குக் குறைந்துபோன மக்கள் இவர்கள். நாவோ ஜூனியர் என்ற பெரியவரிடம் கதை கேட்டார் அப்பி. கேட்கவும் ஆள் இல்லாமல், சொல்லவும் ஆள் இல்லாமல் மறந்துவிட்டதாகத்தான் முதலில் பதில் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நினைவு திரும்பியது. ஃபெர்தாஜிதோ என்ற முதல் மனிதனின் கதையைச் சொன்னார். அவன் பிறந்தது மூங்கிலின் உள்ளே.

நாவோ 2009-ல் இறந்தார். 'போ' மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் என்ற மூதாட்டி 2010 ஜனவரி 26-ல் இறந்தார். தன் மொழியில் பேச ஆளில்லாமல் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தவர். பறவைகள் தங்கள் முன்னோர் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அப்பி திரட்டிய 10 கதைகளும் 46 பாடல்களும் 2021-ல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன.

சுனிலின் முறையில் தவறில்லை. தினமும் எழுது, படிக்கிறவரை மனதில் வை, ஊரை உள்ளபடி சொல்லி ஒரே ஒரு பொய்யை நட்டு வை. மாயக்கதை எழுத ஆசைப்படும் எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களும் ஒருநாள் படிப்பார்கள் என்ற நினைப்பையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பாம்பூஃப்ளாட் என்றால் மூங்கில் சமவெளி. பெயர் வைத்தவன் கண்ணுக்குப் பட்டது புதர். அந்தத் தீவுகளின் பழைய கதையிலோ அதற்குள் ஒரு மனிதன் இருந்தான். படகில் அக்கரைக்குப் போகும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால், அங்கிருந்து தொடங்கலாம்.